பெண்ணின் ரத்தம் யாருக்குச் சாட்சி?

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சிறிய ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பதினெட்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். அதற்கு முன் ஆறு ஆண்டுகள் நகரத்துக்குள் ஒரு பெரிய ஆய்வகத்தில் இருந்தேன். சேலையூர், மாடம்பாக்கம், சிட்லபாக்கம், முடிச்சூர், பெருங்களத்தூர் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து சீட்டோடு வருகிறவர்களில் எல்லாரும் உண்டு. சீட்டில் 'ஏ.என்.ஏ.' என்று எழுதியிருந்தால் மட்டும், கையை நீட்டி உட்காருபவர் அநேகமாக ஒரு பெண்ணாகத்தான் இருப்பார். லூபஸ் என்ற நோயைச் சந்தேகிக்கும்போது மருத்துவர்கள் முதலில் எழுதிக்கொடுக்கும் பரிசோதனை அது. அந்த நோய் வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள். பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்களுக்கே அதிகம் வருகிறது.

அவர்கள் கையில் ஒரு துணிக்கடைப் பை இருக்கும். அதற்குள் இரண்டு மூன்று வருடத்துப் பழைய ரிப்போர்ட்டுகளும் எக்ஸ்ரே உறைகளும் இருக்கும். மூட்டு வலிக்கு ஒரு மருத்துவர், விடாத காய்ச்சலுக்கு ஒருவர், முடி கொட்டுவதற்கு ஒருவர், கலைந்துபோன கருவுக்கு ஒருவர். "எல்லாம் நார்மல்னுதான் வருது சிஸ்டர். வேலை செய்யச் சோம்பேறித்தனம்னு வீட்ல சொல்றாங்க" என்று ஒரு பெண் சொன்னார். ரிப்போர்ட் பாசிட்டிவாக வரட்டும் என்று அவர் உள்ளூர வேண்டிக்கொள்வதுபோல எனக்குத் தோன்றியது. நோய் இருக்கட்டும் என்று யாராவது வேண்டுவார்களா? தன் சொல்லை யாரும் நம்பாத வீட்டில், ரத்தமாவது தனக்காகப் பேசட்டும் என்று நினைக்கிறவர் வேண்டுவார்.

பெண்ணின் ரத்தத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது புதிய பழக்கம் இல்லை. அது அவளுக்கு ஆதரவாகப் பேசியதும் உண்டு, அவளுக்கு எதிராகப் பேசவைக்கப்பட்டதும் உண்டு. லூபஸின் வரலாற்றில் இரண்டும் கலந்தே கிடக்கின்றன. அதில் சில துண்டுகள் நான் தினமும் பார்க்கிற மின்ரயில் பாதையிலேயே, பரங்கிமலைக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் இருக்கின்றன.

முதலில் பெயர். 'லூபஸ்' என்றால் லத்தீன் மொழியில் ஓநாய். ஓநாய் கடித்ததுபோல முகத்தை அரிக்கும் புண்களுக்கெல்லாம் இடைக்கால ஐரோப்பாவில் அந்தப் பெயரை வைத்தார்கள். அந்த ஒரே பெயருக்குள் வெவ்வேறு நோய்கள் இருப்பது 19-ஆம் நூற்றாண்டில்தான் தெளிவானது. ஒன்று 'லூபஸ் வல்காரிஸ்'. அது தோலில் வரும் காசநோய், கிருமியால் வருவது. இன்னொன்றை பாரிஸைச் சேர்ந்த காசனாவ் 'லூபஸ் எரிதமடோசஸ்', அதாவது சிவந்த லூபஸ், என்று தனியாகப் பிரித்தார். மூக்கின் மேலும் இரண்டு கன்னங்களிலும் படரும் அந்தச் சிவப்பை வியன்னாவின் ஹெப்ரா வண்ணத்துப்பூச்சியோடு ஒப்பிட்டார். அவருடைய மருமகன் கபோசி 1872-ல், நோய் தோலோடு நிற்பதில்லை, காய்ச்சலும் மூட்டு வீக்கமுமாக உடம்பு முழுவதும் பரவக்கூடியது என்று எழுதினார். இவர்கள் எல்லாருக்கும் பாடமாகப் படுத்திருந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் பெயர்கள் எந்த நோய்க்கும் வைக்கப்படவில்லை.

இந்த இரண்டு லூபஸும் வெயில் விஷயத்தில் நேர் எதிர். டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சன் செறிவான ஒளியைப் பாய்ச்சி லூபஸ் வல்காரிஸைக் குணப்படுத்தினார். அதற்காக 1903-ல் நோபல் பரிசு பெற்றார். சிவந்த லூபஸுக்கோ வெயில் ஆகாது. மொட்டைமாடியில் வடாம் காயப்போட்டுவிட்டு இறங்கும்போது முகம் எரிகிறது, மறுநாள் மூட்டெல்லாம் வீங்குகிறது என்று ஒரு பெண் சொன்னால், அதை இந்த நோயின் அடையாளமாக எடுத்துக்கொள்ள வேண்டும். நம் வீடுகளில் அதை வேலைக்கு டிமிக்கி கொடுப்பதாக எடுத்துக்கொள்கிறார்கள்.

வெயிலும் திறந்த காற்றும்தான் மருந்து என்று காசநோய் மருத்துவம் நம்பிய காலத்தில் உருவானது தாம்பரம் சானடோரியம். இங்கிலாந்தில் மெண்டிப் மலைப் பகுதியில் சானடோரியம் நடத்திய டாக்டர் சவுரிமுத்து, 1928-ல் பச்சைமலை அடிவாரத்தில் 12 படுக்கைகளோடு இதைத் தொடங்கினார். 1937-ல் அரசு எடுத்துக்கொண்டது. பிறகு ஒரு ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் வந்தது. (கணித மேதை ராமானுஜன் 1917-ல் மெண்டிப்பில் இதே சவுரிமுத்துவிடம் சிகிச்சை பெற்றவர். அவருக்கு இருந்தது காசநோயே இல்லை, கல்லீரலில் அமீபா தொற்றாக இருக்கலாம் என்று பல பத்தாண்டுகள் கழித்து ஓர் ஆங்கிலேய மருத்துவர் ஆவணங்களைப் பார்த்து வாதிட்டார். கேம்பிரிட்ஜ் கவனித்துக்கொண்ட ஓர் ஆணின் நோயே இவ்வளவு குழப்பம் என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.)

சானடோரியம் என்ற சொல்லுக்கு எங்கள் பக்கத்து வீடுகளில் ஒரு தனி எடை உண்டு. "சானடோரியத்துக்குப் போன பொண்ணு" என்றால் ஜாதகம் திரும்பி வந்துவிடும். மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு, நெறிகட்டி, நுரையீரலைச் சுற்றி நீர் என்று காசநோய்க்குச் சொல்லும் அத்தனை அடையாளங்களும் லூபஸிலும் வரும். காசநோய் மலிந்த நாட்டில் மருத்துவர் முதலில் அதைத்தான் நினைப்பார். அதைத் தவறென்று சொல்ல முடியாது. ஆனால் மருந்து கேட்காதபோதும் அதையே நினைத்துக்கொண்டிருப்பது வேறு விஷயம். என் சித்தி மகளுக்கு இருபத்திரண்டு வயதில் ஒன்பது மாதம் டி.பி. மாத்திரை கொடுத்தார்கள். எந்த மருத்துவமனை என்பது இங்கே தேவையில்லை. சளியில் கிருமி ஒரு தடவைகூடத் தெரியவில்லை. மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை என்று அவளைத்தான் திட்டினார்கள். பேசி முடித்திருந்த சம்பந்தமும் நின்றது. கால் வீங்கி, சிறுநீரில் நுரை வந்து, சிறுநீரகத்தில் நோய் இறங்கிய பிறகுதான் ஏ.என்.ஏ. எழுதினார்கள்.

இதில் ஒரு கொடுமையான சிக்கலும் உண்டு. காசநோய்க்கான ஐசோநியாசிட் மருந்து 1952-ல் பயன்பாட்டுக்கு வந்தது. 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், அந்த மருந்தை வைத்து வீட்டில் இருந்தே சிகிச்சை பெறுவது சானடோரியத்தில் படுத்திருப்பதற்குச் சற்றும் குறைந்ததல்ல என்று 1959-ல் காட்டியது. உலகம் முழுவதும் சானடோரியங்கள் காலியாவதற்கு மெட்ராஸின் ஏழை நோயாளிகள் தந்த அந்தச் சான்று ஒரு முக்கியக் காரணம். ஆனால் அதே ஐசோநியாசிட், சாப்பிடுகிற சிலருடைய ரத்தத்தில் ஏ.என்.ஏ.வைத் தோன்றச் செய்யும். அவர்களில் மிகச் சிலருக்கு லூபஸ் போன்ற நோயையே உண்டாக்கும். மருந்தை நிறுத்தினால் அது போய்விடும். இன்னொரு பக்கம், லூபஸுக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு, உடம்பில் தூங்கிக்கொண்டிருக்கும் காசநோயை எழுப்பிவிடும். ஆகவே டி.பி. மாத்திரை சாப்பிட்ட பெண்ணின் ஏ.என்.ஏ. முடிவைத் தனியாக எடுத்துப் படிக்கக் கூடாது. அவளுடைய கதையையும் கேட்டால்தான் அந்த முடிவுக்கு அர்த்தம் உண்டு.

பரங்கிமலைக்கு வருகிறேன். அங்கே கும்பினிப் படைகளின் முகாம் இருந்தது. படை இருந்த இடத்தில் 'லாக் ஆஸ்பத்திரி'யும் இருந்தது. சிப்பாய்களுக்கு மேகநோய் வராமல் காப்பதற்காகப் பெண்களைப் பிடித்துச் சோதித்து, குணமாகும்வரை அடைத்துவைக்கும் இடம் அது. மெட்ராஸ் மாகாணத்தில் இத்தகைய ஆஸ்பத்திரிகள் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டன. 1868-ல் வந்த தொற்றுநோய்ச் சட்டம் பெண்களைப் பதிவுசெய்து உடல் பரிசோதனைக்கு வரவைப்பதை முறையாக்கியது. சிப்பாய்களுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. எதிர்ப்புகளுக்குப் பிறகு 1888-ல் சட்டம் நீக்கப்பட்டது. அதன் பின்னால் இருந்த எண்ணம் நீங்கவில்லை. மேகநோய் என்றால் தேட வேண்டியது பெண்ணின் உடம்பில் என்ற அந்த எண்ணத்தோடுதான் ரத்தப் பரிசோதனைகளின் நூற்றாண்டு பிறந்தது.

1906-ல் பெர்லினில் வாசர்மன், சிபிலிஸுக்கு ஒரு ரத்தப் பரிசோதனையை உருவாக்கினார். விசித்திரம் என்னவென்றால், அது சிபிலிஸ் கிருமியை நேரடியாகத் தேடுவதில்லை. மாட்டு இதயத்திலிருந்து எடுத்த கொழுப்புச் சாறோடு நோயாளியின் ரத்தம் வினைபுரிகிறதா என்றுதான் பார்க்கிறது. அந்தச் சாற்றில் வேலை செய்கிற பொருள் எது என்று பல வருடம் யாருக்கும் தெரியவில்லை. 1941-ல் நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையின் வேதியியலாளர் மேரி பேங்பார்ன் அதைப் பிரித்தெடுத்து 'கார்டியோலிபின்' என்று பெயரிட்டார். அதை வைத்து 1946-ல் உருவானதுதான் வி.டி.ஆர்.எல். இன்றைக்கும் நம் ஊரில் கர்ப்பிணிகள் எல்லாருக்கும் எழுதப்படுகிற சோதனை. நான் தினமும் செய்கிற சோதனை.

லூபஸ் உள்ள பெண்களில் ஒரு பகுதியினருக்கு இந்தச் சோதனை பாசிட்டிவாக வரும். அவர்களுக்குச் சிபிலிஸ் இருக்காது. உடம்பு தன் பொருள்களுக்கு எதிராகவே செய்துகொள்ளும் சுய எதிர்ப்பொருள்கள், சோதனைக் குழாயில் இருக்கும் கார்டியோலிபினைப் பிடித்துக்கொள்ளும். 1950-களில் அமெரிக்க மருத்துவர்கள், திருமணத்துக்கு முன்பும் மகப்பேற்றின்போதும் செய்யும் சோதனையில் இப்படிப் 'பொய்யாக' மாட்டிக்கொண்டவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, அவர்களில் சிலருக்குப் பின்னாளில் லூபஸ் வருவதைக் கண்டார்கள். 1982-ல் லூபஸை அடையாளம் காண வகுத்த பதினொரு அளவுகோல்களில், சிபிலிஸ் சோதனை பொய்யாகப் பாசிட்டிவாவதும் சேர்க்கப்பட்டது. அடுத்த ஆண்டே லண்டனில் கிரஹாம் ஹியூஸின் குழு, கார்டியோலிபினுக்கு எதிரான இந்த எதிர்ப்பொருள்கள் ரத்தம் உறைவதோடும் கரு மீண்டும் மீண்டும் கலைவதோடும் தொடர்புடையவை என்று காட்டியது.

இதை ஒரு பெண்ணின் வாழ்க்கையாக நினைத்துப் பாருங்கள். இரண்டு கரு கலைகிறது; "ராசியில்லாதவள்" என்கிறார்கள். மூன்றாவது கர்ப்பத்தில் வி.டி.ஆர்.எல். பாசிட்டிவ் என்று வருகிறது, நடத்தையைச் சந்தேகிக்கிறார்கள். உண்மையில் கருவைக் கலைத்ததும் சோதனையில் சிக்கியதும் ஒரே எதிர்ப்பொருள். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினும் ஹெபாரினும் கொடுத்தால் பலர் பிள்ளையோடு வீடு திரும்புகிறார்கள். 1906-க்கும் 1983-க்கும் நடுவே எத்தனை பெண்கள் இந்த இரட்டைப் பழியோடு செத்திருப்பார்கள் என்று எந்தக் கணக்கிலும் இல்லை.

எங்கள் நிலையத்தில் ரிப்போர்ட் வாங்கப் பெரும்பாலும் கணவர்கள்தான் வருவார்கள். வி.டி.ஆர்.எல். ரியாக்டிவ் என்று வந்தால் அந்தக் காகிதத்தை நான் அவர்கள் கையில் தருவதில்லை. சம்பந்தப்பட்ட பெண்ணை வரச் சொல்வேன், கீழே 'டி.பி.எச்.ஏ. செய்து உறுதிப்படுத்தவும்' என்று எழுதிக்கொடுப்பேன். டி.பி.எச்.ஏ. கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருளையே நேரடியாகத் தேடும். லூபஸ் பெண்ணுக்கு அது பெரும்பாலும் நெகட்டிவாகத்தான் வரும். முதலாளிக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. வாடிக்கையாளர் குறைகிறார்களாம்.

எச்.ஐ.வி. வந்தபோது இதே நாடகம் திரும்ப நடந்தது. 1986-ல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டுபிடித்தார்கள். அந்த ரத்தம் காவல் இல்லத்தில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளிகளின் ரத்தம். இரண்டு பெண்களின் துணிச்சலான வேலை அது, சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கையை நீட்டிய பெண்களிடம் மறுக்கும் உரிமை எவ்வளவு இருந்திருக்கும் என்று கேட்காமல் என்னால் அதைப் படிக்க முடிவதில்லை. பிற்காலத்தில் தாம்பரம் சானடோரியம்தான் எச்.ஐ.வி. நோயாளிகளின் பெரிய புகலிடமானது. லூபஸ் நோயாளிகளில் சிலருக்கு எச்.ஐ.வி. எலிசாவும் பொய்யாகப் பாசிட்டிவாவது உண்டு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இனி லூபஸுக்கு ஆதரவாக ரத்தம் பேசத் தொடங்கிய கதை. 1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஹார்க்ரேவ்ஸ், ஹெலன் ரிச்மண்ட், மார்ட்டன் ஆகிய மூவர் 'எல்.இ. செல்'லைப் பற்றி எழுதினார்கள். லூபஸ் நோயாளியின் எலும்பு மஜ்ஜையில், ஒரு வெள்ளணு இன்னொரு அணுவின் கருவை முழுசாக விழுங்கிவிட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்கள். அதுவரை முகச் சிவப்பையும் சாவையும் வைத்து அறியப்பட்ட நோய்க்கு முதல் தடவையாக நுண்ணோக்கியில் ஒரு தடயம் கிடைத்தது. வெள்ளணுவை அப்படி விழுங்கத் தூண்டுவது ரத்தத்தில் இருக்கும் ஓர் எதிர்ப்பொருள் என்று பிறகு தெரிந்தது. 1957-ல் ஜார்ஜ் ஃப்ரியூ, அந்த எதிர்ப்பொருளை ஒளிரும் சாயத்தால் பார்க்கும் முறையைக் கொண்டுவந்தார். இன்றைய ஏ.என்.ஏ. அதன் வாரிசு. அதே ஆண்டில் பல நாட்டு ஆய்வாளர்கள் தனித்தனியாக, லூபஸ் நோயாளிகளின் ரத்தத்தில் டி.என்.ஏ.வுக்கே எதிரான எதிர்ப்பொருளைக் கண்டார்கள். 1966-ல் நியூயார்க்கில் எங் டானும் ஹென்றி குங்கெலும் கண்டறிந்த ஒன்றுக்கு, ஸ்மித் என்ற இளம்பெண் நோயாளியின் பெயரால் 'ஆன்டி-எஸ்.எம்.' என்று பெயர் வந்தது. இன்றைக்கும் லூபஸுக்கு மிகவும் உறுதியான அடையாளங்களில் ஒன்று அது. முதலெழுத்தாகவேனும் ஒரு பெண் பதிவாகியிருக்கிறாள்.

பெரிய ஆய்வகத்தில் நான் இருந்தபோது ஏ.என்.ஏ. பார்ப்பது இருட்டறையில். சின்னச் சின்ன வட்டங்கள் உள்ள கண்ணாடிச் சில்லு. ஒவ்வொரு வட்டத்திலும் மனித அணுக்கள் ஒட்டப்பட்டிருக்கும். நோயாளியின் ரத்தநீரை நீர்த்து அதில் விடுவோம், கழுவுவோம், சாயம் சேர்ப்போம், மறுபடி கழுவுவோம். எதிர்ப்பொருள் இருந்தால் அணுக்கருக்கள் இளம்பச்சையாக ஒளிரும். முழுதாக ஒளிர்ந்தால் ஒரு பொருள், புள்ளி புள்ளியாக ஒளிர்ந்தால் வேறு பொருள். சும்மா சொல்லக்கூடாது, அழகாக இருக்கும். ஆனால் நலமாக இருப்பவர்களிலேயே பத்தில் மூன்று பேருக்கு, 1:40 என்ற குறைந்த நீர்ப்பில் கொஞ்சம் ஒளிரும். அதனால் ஏ.என்.ஏ. மட்டும் வைத்து யாருக்கும் லூபஸ் என்று சொல்லிவிடக் கூடாது.

அந்தச் சில்லில் இருக்கும் அணுக்களுக்குப் பெயர் ஹெப்-2. அது 1950-களில் ஓர் ஆணின் குரல்வளைப் புற்றிலிருந்து உருவாக்கியது என்றுதான் எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். உண்மை வேறு. 1966-ல் ஸ்டான்லி கார்ட்லர் என்ற மரபியலாளர், ஆய்வகங்களில் வளர்க்கப்பட்ட பல அணு வகைகளைச் சோதித்தார். வெவ்வேறு ஆட்களிடமிருந்து வந்ததாக நம்பிய அவற்றில் பெரும்பாலானவை, ஜி6பி.டி. என்ற நொதியின் ஒரே வகையைக் காட்டின. அந்த வகை ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் மட்டுமே அதிகம் காணப்படுவது. அதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. வேகமாகப் பெருகும் ஹீலா அணுக்கள் மற்றக் குடுவைகளுக்குள் புகுந்து எல்லாவற்றையும் விழுங்கியிருந்தன. ஹெப்-2வும் அப்படி மாறிப்போனதுதான்.

ஹீலா என்பது ஹென்ரியெட்டா லேக்ஸ். புகையிலைத் தோட்டத்தில் உழைத்த கறுப்பினப் பெண், ஐந்து பிள்ளைகளின் தாய். கருப்பைவாய்ப் புற்றுநோயால் 1951-ல் 31 வயதில் பால்டிமோரில் இறந்தார். அவரைக் கேட்காமலே எடுக்கப்பட்ட அணுக்கள் இன்றும் உலகம் முழுவதும் விற்கப்படுகின்றன. அவற்றால் லாபம் பார்த்த பெரிய நிறுவனம் ஒன்று 2023-ல்தான் அவருடைய குடும்பத்தோடு சமரசம் செய்துகொண்டது. அமெரிக்காவில் லூபஸ் அதிகம் வருவது வெள்ளையர்களைவிடக் கறுப்பினப் பெண்களுக்கு. தாம்பரத்துப் பெண்ணின் ரத்தம் உண்மை சொல்கிறதா என்று பார்க்க இன்னொரு பெண்ணின், அனுமதி கேட்கப்படாத உடம்பை வைத்திருக்கிறோம். ஆறு வருடம் அந்தச் சில்லுகளைக் கழுவியிருக்கிறேன், யாரும் அந்தப் பெயரைச் சொல்லித்தரவில்லை.

நம் ஊரில் இந்த நோய்க்கு முகவரி கிடைத்தது தாமதமாகத்தான். சென்னை அரசு பொது மருத்துவமனையில் மூட்டு, இணைப்புத் திசு நோய்களுக்கென்று தனித் துறை வளர ஏ.என். சந்திரசேகரன் முக்கியக் காரணம். 1988-ல் அந்தத் துறையினர் லூபஸ் பற்றிய தங்கள் 'மெட்ராஸ் அனுபவ'த்தைக் கட்டுரையாக்கினார்கள், எழுதியவர்களில் ஆர். பொற்கொடியும் ஒருவர். டெல்லியில் ஏ.என். மாளவியாவின் குழு, பக்கத்துக் கிராமங்களில் 91,888 பேரைக் கணக்கெடுத்து 1993-ல் வெளியிட்டது. லட்சத்துக்கு 3.2 பேர் என்பது அவர்கள் கண்ட அளவு, அதாவது அத்தனை பேரில் மூன்றே பேர். அந்த எண்ணை இன்னும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கென்னவோ அந்த எண்ணைக் காட்டிலும், கேள்வி கேட்டவர்களிடம் தன் உடம்பைப் பற்றிச் சொல்ல எந்தெந்தப் பெண்ணுக்கு வாய் வந்திருக்கும் என்பதில்தான் ஆர்வம்.

மரபணு விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் கல்யாணப் பேச்சில் அதுதான் முதலில் வரும். "பரம்பரை வியாதியா?" என்று கேட்பார்கள். பெண்ணின் பரம்பரையைத்தான் கேட்பார்கள். லூபஸோடு தொடர்புள்ள இடங்கள் மனித மரபுத்தொகுதியில் நூற்றுக்கும் மேல் தெரிந்திருக்கின்றன. எச்.எல்.ஏ. என்ற தொகுதியின் டி.ஆர்.2, டி.ஆர்.3 வகைகள் பல நாட்டு நோயாளிகளிடம் கூடுதலாக இருக்கின்றன. புதுச்சேரி ஜிப்மரில் வீர் சிங் நேகியின் குழு, 'தென்னிந்தியத் தமிழர்கள்' என்றே குறிப்பிட்டு நம் நோயாளிகளின் மரபணுக்களைத் தொடர்ந்து ஆராய்ந்திருக்கிறது. 2015-ல் வந்த ஒரு கட்டுரை டி.எல்.ஆர்.2, டி.எல்.ஆர்.9 என்ற இரண்டு மரபணுக்களைப் பற்றியது. கிருமி வந்ததை முதலில் மோப்பம் பிடிக்கும் காவல்காரர்கள் அவை. கிருமிகளோடு போராடி நம் முன்னோர் பிழைத்திருக்க உதவிய மரபணு வடிவங்களே, இன்று லூபஸுக்கு இடம் கொடுப்பதில் பங்கு வகிக்கலாம் என்பது அதன் கருத்து. ஒரே ஒரு மரபணுக் குறையால் வருவதும் உண்டு, ஆனால் அபூர்வம். சி1க்யூ என்ற புரதம் பிறவியிலேயே இல்லாதவர்களில் பெரும்பாலோருக்கு லூபஸ் வந்துவிடும். அதற்குத் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்து சேர வேண்டும். அதனால் சொந்தத்துக்குள் செய்யும் கல்யாணங்களில் அதற்கான வாய்ப்பு கூடும். தாய்மாமனுக்குப் பெண்ணைக் கொடுக்கச் சொல்லும்போது யாரும் பரம்பரை வியாதியைப் பற்றிப் பேசுவதில்லை.

பெண்களுக்கே ஏன் அதிகம் வருகிறது என்பதற்கு ஹார்மோனை மட்டும் நெடுநாள் காரணமாகச் சொன்னார்கள். இப்போது பார்வை எக்ஸ் குரோமோசோம் பக்கம் திரும்பியிருக்கிறது. இரண்டு எக்ஸ்ஸில் ஒன்று அணுவுக்குள் அடக்கப்படுகிறது என்று 1961-ல் சொன்னவர் மேரி லயன். அதை அடக்கும் வேலையைச் செய்வது 'ஸிஸ்ட்' என்ற நீண்ட ஆர்.என்.ஏ. அதைச் சுற்றி ஒட்டியிருக்கும் புரதங்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் லூபஸ் நோயாளிகளின் ரத்தத்தில் இருப்பதாக, ஸ்டான்ஃபோர்டில் ஹோவர்ட் சாங்கின் குழு 2024-ல் வெளியிட்டது. கூடுதலாக ஓர் எக்ஸ்ஸோடு பிறக்கும் ஆண்களுக்கு லூபஸ் வரும் வாய்ப்பு மற்ற ஆண்களைவிடச் சுமார் 14 மடங்கு என்று 2008-லேயே தெரிந்திருந்தது. எக்ஸ் குரோமோசோமில் உள்ள டி.எல்.ஆர்.7 என்ற மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியதால் சிறு வயதிலேயே கடும் லூபஸ் வந்த ஒரு ஸ்பானியச் சிறுமியைப் பற்றிய ஆய்வு 2022-ல் வந்தது. அதை வழிநடத்தியவர் கரோலா வினுவேசா.

இந்த வினுவேசாவுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. ஆஸ்திரேலியாவில் கேத்லீன் ஃபோல்பிக் என்ற தாய், தன் நான்கு குழந்தைகளையும் கொன்றதாக 2003-ல் தண்டிக்கப்பட்டார். முக்கியச் சான்றுகளில் ஒன்று அவருடைய சொந்த நாட்குறிப்பு. ஒரு தாயின் குற்றவுணர்வை வாக்குமூலமாகப் படித்தார்கள். வினுவேசாவும் கூட்டாளிகளும் அவருடைய மரபணுவைப் படித்தபோது, இதயத் துடிப்பைத் தடுமாறச் செய்யும் ஒரு மாற்றம் தெரிந்தது. இறந்த இரண்டு பெண் குழந்தைகளிடமும் அதே மாற்றம் இருந்தது. இருபது வருடச் சிறைக்குப் பிறகு, 2023 ஜூனில் மன்னிப்பும் டிசம்பரில் தண்டனை ரத்தும் கிடைத்தன. அவர் எழுதியதை நம்பிய உலகம், நான் கொல்லவில்லை என்று அவர் சொன்னதை நம்ப ரத்தம் வந்து பேச வேண்டியிருந்தது.

என் சித்தி மகள் இப்போது ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரையில் ஓரளவு நலமாக இருக்கிறாள். 2020-ல் கொரோனாவுக்கு அதுதான் மருந்து என்று கிளப்பிவிட்டபோது மருந்துக் கடைகளில் அது கிடைக்காமல் தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரை ஏறி இறங்கியிருக்கிறோம். அந்த நோய்க்கு அது உதவவில்லை என்று பிறகு தெரிந்தது. நோயே அது இல்லாதவர்கள் வாங்கி அடுக்கியதில் இவள் மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிட்டாள். பிறகு கல்யாணமும் ஆனது. நோயைச் சொல்லித்தான் செய்தோம். மகளுக்கு இப்போது மூன்று வயது. கர்ப்பத்தில் ஆன்டி-ரோ எதிர்ப்பொருளைப் பார்த்துக்கொண்டோம், ஏனென்றால் அது தாயிடமிருந்து கருவுக்குப் போய்ச் சில குழந்தைகளின் இதயத் துடிப்பைக் குறைத்துவிடும். இவளுக்கு அது இல்லை.

போன மாதம் அவளுடைய மாமியார் என்னிடம் தனியாக வந்து, பேத்தியின் ரத்தத்தை எடுத்து இந்த வியாதி வருமா என்று பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, பயத்தில் கேட்டார். ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு லூபஸ் இருந்தால் மற்றவருக்கும் இருப்பது நாலில் ஒரு பங்கு என்று 1992-ல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியதைச் சொன்னேன். மரபணு முழுவதும் ஒன்றாகவே இருந்தும், நாலில் மூன்று பேருக்கு வரவில்லை. அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். முகத்தில் சிவப்பு, விடாத காய்ச்சல், மூட்டு வலி என்று அவள் என்றைக்காவது சொன்னால் அன்றைக்கே கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றேன். மற்றபடி, நாளைக்கு வரப்போகிற லூபஸை இன்றைக்கே சொல்லும் பரிசோதனை எங்கள் விலைப்பட்டியலில் இல்லை. வேறு எந்த ஆய்வகத்தின் பட்டியலிலும் இல்லை.